துடைப்பம், பினாயில், ஆள்கூலி: ஒரு பள்ளிப் பணியாளர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடையில் ஒரு பேரூராட்சி. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் 2017 முதல் 2023 வரை தலைமையாசிரியையாக இருந்தேன். அந்தப் பள்ளியில் 1990-லிருந்து வேலை பார்த்த ஒருவருக்கு 2021 மழைக்காலத்தில் என்ன நேர்ந்தது, அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்தோம், எதைச் செய்யத் தவறினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். தன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்றார். எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன்.

அவர் பள்ளிக்கு வந்தது தண்ணீர் கொண்டுவர. அந்தப் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்க் குழாய் பள்ளிக்குள் வரும்வரை, கோயில் பக்கத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடங்களைக் கட்டி நாளைக்கு ஏழெட்டு நடை கொண்டுவந்திருக்கிறார். அப்போது வயது 27. பிறகு பெருக்குகிறவர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. துடைப்பம் இவர் கைக்கு வந்தது. இரவுக் காவலர் ஓய்வு பெற்றார், அதுவும் காலி. சாவிக்கொத்து இவர் இடுப்புக்கு வந்தது. மணி அடிப்பது, தொட்டி நிரப்புவது, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தபால் கொண்டுபோவது, மழைக்குப் பாம்பு உள்ளே வந்தால் பிடித்து வயல் பக்கம் விடுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. சம்பளம் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து. 2021-இல் மாதம் 4,500 ரூபாய்.

பிள்ளைகளுக்கு அவர் பெல்லு மாமா. அதே பள்ளியில் படித்த அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கும் பெல்லு மாமாதான்.

வந்த புதிதில் நான் கவனித்தது

பள்ளி மணி என்பது வேப்ப மரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட மீட்டர் கேஜ் தண்டவாளத் துண்டு. வலது கையில் இரும்புக் கம்பி பிடித்து ஓங்கி அடிப்பார். கணீரென்று பக்கத்துத் தெரு வரை கேட்கும். பரீட்சை நாளில் மட்டும் இடது உள்ளங்கையைத் தண்டவாளத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு அடிப்பார். சத்தம் மொத்தென்று அடங்கி வரும். ஏன் என்று கேட்டேன். "பரீட்சை எழுதுற புள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்றக் கூடாதுல்லங்க டீச்சர்" என்றார். அவர் உள்ளங்கை ஓரத்தில் காய்ப்புக் காய்த்திருந்தது.

இன்னொன்று. எங்கள் வகுப்பறைகளுக்கு இரண்டு கதவு. இரண்டாவது கதவில் வெளித் தாழ்ப்பாளே கிடையாது. இருந்த தடமாக ஆணி ஓட்டைகள் மட்டும் தெரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் தனியாக உட்கார்ந்து அத்தனை தாழ்ப்பாளையும் கழற்றியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. கழற்றியவை ஒரு பெயின்ட் டப்பாவில் ஸ்டோர் ரூமில் இருந்தன. அரசாங்கச் சாமான் கணக்கில் குறையக் கூடாது என்பதற்காக அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

கஜா புயலையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. முந்தின நாள் மதியமே மேல்நிலைத் தொட்டியையும் சத்துணவுக் கூடத்து அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பி, வருகைப் பதிவேடுகளை உரச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்து, இருட்டும்போது கேட்டைத் திறந்து வைத்துவிட்டார். குடிசைத் தெருவிலிருந்து நூறு பேருக்கு மேல் வந்து தங்கினார்கள். சாலையெங்கும் தென்னையும் மின்கம்பமும் விழுந்து கிடந்ததால் மூன்றாம் நாள்தான் நான் போய்ச் சேர முடிந்தது. ஒரு பெஞ்சு உடைந்தது, நாலு ஓடு போனது, பதிவேடு பத்திரம் என்று கணக்கு ஒப்பித்தார். அவர் வீட்டுக் கூரை முழுவதும் போய்விட்டது என்பது இரண்டு வாரம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஊரே அவரைக் கொண்டாடியது. பொங்கலுக்கு வேட்டி, தீபாவளிக்குச் சட்டை, ஆண்டுவிழாவில் சால்வை. ஆனால் நான்கு ஆண்டில் ஒருமுறைகூட ஆசிரியர் அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. என்னைவிடப் பத்து வயது சிறிய ஆசிரியர்கள் அவரை ஒருமையில் கூப்பிட்டார்கள். நான் "அண்ணே" என்று கூப்பிட்டேன், "உட்காருங்க" என்றும் சொல்வேன். அவர் கதவோரம் நிற்பார், நானும் வற்புறுத்தவில்லை.

2021 நவம்பர்

கொரோனா முடக்கத்துக்குப் பிறகு செப்டம்பர் 1 அன்று 9, 10-ஆம் வகுப்புகளும், நவம்பர் 1 அன்று 6, 7, 8-உம் திறந்தன. திறந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் இரண்டாம் வாரம் டெல்டா முழுவதும் இளம் சம்பா தண்ணீரில் நின்றது. பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் நிறைந்து, மைதானத்துத் தண்ணீர் வடிய வழியில்லாமல் கழிப்பறைப் பக்கம் தேங்கியது.

13-ஆம் தேதி, சனிக்கிழமை. தண்ணீரை வடித்தால்தான் பிள்ளைகள் வர முடியும் என்று அவரிடம் சொன்னது நான்தான். மண்வெட்டியோடு பின்பக்க வடிகாலில் இறங்கினார். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். வெறுங்கால். ஆண்டு முழுவதும் ஈரத்தில் நிற்கும் அவர் குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருக்கும். மூன்று மணிநேரம் நின்று அடைப்பை எடுத்தார். அந்த வடிகாலின் ஓரத்தில் எலி வளைகள் இருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வயலில் தண்ணீர் ஏறினால் எலிகள் மேட்டுக்கு வரும், பள்ளிக்கூடம்தான் அங்கே மேடு.

22-ஆம் தேதி திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல் கண்டது. எங்களுக்குத் தெரியாது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் தவறாமல் வந்தார். புதன்கிழமை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "மிஸ், மாமா கண்ணு செவசெவன்னு இருக்கு" என்று என்னிடமே சொன்னாள். கேட்டேன். தூக்கமில்லை என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் படியேறும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதை அலுவலக உதவியாளர் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை முதல் மணி அடித்துவிட்டு வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதை அப்போதுதான் சொன்னார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். எலிக்காய்ச்சல் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, தோலில் உள்ள புண், வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வரும். கடுமையான உடம்புவலி, குறிப்பாகக் கெண்டைக்காலிலும் இடுப்பிலும். கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை தள்ளாது. இந்தக் கட்டத்திலேயே பிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். தள்ளிப்போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். அவருக்குப் பிடித்துவிட்டது. மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று வார்டில் கேட்டேன். "காய்ச்சல்னா கொரோனாம்பீங்க, பதினஞ்சு நாளு வராதேம்பீங்க. அப்புறம் வேற ஆளப் போட்டா நான் என்னங்க டீச்சர் பண்றது?" என்றார்.

அந்தப் பதில்தான் என்னை உலுக்கியது. முப்பத்தொரு ஆண்டு அந்தப் பள்ளிக்காக உழைத்தவர், ஊர் முழுக்க நேசிக்கும் மனிதர், ஐந்து நாள் படுத்தால் வேலை போய்விடும் என்று நம்பியிருக்கிறார். அப்படி நம்பியது தவறில்லை என்பது அடுத்த வாரமே எனக்குத் தெரிந்தது. மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்க, அவர் எங்களிடம் வேலை பார்ப்பதற்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழக ரொக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை, சம்பளப் பட்டியல் இல்லை. மாதாமாதம் ஒரே வரி: "துடைப்பம், பினாயில், ஆள்கூலி." மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. கிடைத்த பழைய பதிவேடு ஒவ்வொன்றிலும் அதே வரி. என் கையெழுத்தோடு நான்கு ஆண்டு.

அவர் இல்லாத நாட்கள்

அரையாண்டு விடுமுறை வரை 20 பள்ளி நாட்கள் அவர் இல்லாமல் நடந்தன. நடந்தன என்று சொல்வது பெயருக்குத்தான். சாவிக்கொத்தில் 27 சாவி. எதிலும் எண் இல்லை, சிலவற்றில் கலர் துணி கட்டியிருந்தது. எந்தத் துணி எந்த அறை என்பது அவருக்குத்தான் தெரியும். குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு முக்கால் மணிநேரம் வரும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் தொட்டி காய்ந்தது. சத்துணவுக்குத் தண்ணீர் லாரியில் வாங்கினோம். தொட்டிக்கு ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் போட வேண்டும்; அவர் ஒரு பழைய தீப்பெட்டியை அளவாக வைத்திருந்தார். அந்தத் தீப்பெட்டியை யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. முதல் நாள் மாலை நடந்தது அப்படியல்ல.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். அம்மா விவசாயக் கூலி, அப்பா திருப்பூரில். மழைநாளில் வாய்க்கால் ஓரமாகத் தனியாக நடந்து வரக் கூடாது, பள்ளியிலேயே இரு, வந்து கூட்டிப் போகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பெல்லு மாமா இருப்பார் என்ற தைரியம். பள்ளி திறந்ததிலிருந்து மாலை ஐந்தரை, ஆறு வரை அந்தப் பையன் அவரோடுதான் இருந்திருக்கிறான். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்களாம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு வேறொருவர் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பையன் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றிருக்கிறான். அன்றைக்கென்று அம்மாவுக்குப் பேருந்து கிடைக்கவில்லை. ஏழு மணிக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரர் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். தெருவிளக்கு எரியவில்லை, இருபது அடி தள்ளி வாய்க்கால் கரைபுரண்டு ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் அந்த அம்மா என் முன்னால் வந்து, "பெல்லு அண்ணனுக்கு எப்படிங்க இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

டிசம்பர் முதல் வாரம் கழகக் கூட்டம். அவர் மருத்துவமனையிலும் வீட்டிலும் இருக்கும் மாதங்களுக்கு முழுச் சம்பளம் கொடுப்பது என்பது என் முதல் கோரிக்கை. ஒரு உறுப்பினர் எதிர்த்தார்: நிதி இருப்பதே கொஞ்சம், வேலை செய்யாத மாதத்துக்குக் கொடுத்தால் வேலை செய்ய வரும் மாற்று ஆளுக்கு எதைக் கொடுப்பது? நியாயமான கேள்வி. சம்பளம் நின்றுவிடும் என்ற பயத்தில்தான் காய்ச்சலை மறைத்தார். நிறுத்தினால் அவர் பயந்தது சரி என்று நாமே எழுதிக் கொடுத்தது போலாகும் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். மாற்று ஆளுக்கான பணத்தைப் பழைய மாணவர்கள் கொடுத்தார்கள்.

இரண்டாவது, இனி வடிகாலில் ஆளை இறக்குவதில்லை. கழிவுநீர்த் தொட்டி மூடியையும் முன்பு அவர்தான் திறந்து மூங்கில் விட்டுக் குத்துவார். பாதுகாப்பில்லாமல் ஒரு மனிதரை அந்த வேலைக்கு விடுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. எனக்கு அந்தச் சட்டம் தெரியும். பள்ளிக்கு அது பொருந்தும் என்று யோசித்ததே இல்லை, நகரத்துப் பாதாளச் சாக்கடை விவகாரம் என்று நினைத்திருந்தேன். தொட்டிக்குக் கழிவுநீர் உறிஞ்சும் வண்டி, வடிகாலுக்குப் பேரூராட்சியின் பம்ப் என்று எழுத்தில் ஏற்பாடு செய்தோம். எலி வளைகளை அடைத்தோம்.

மூன்றாவது, பதிவேடு. 2022 ஜனவரி முதல் "பணியாளர் ஊதியம்" என்று தனித் தலைப்பு, பெயரோடு. வங்கிக் கணக்கில் வரவு. தனி வருகைப் பதிவேடு. அவருக்கு அப்போது 58. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் 60 வயதுக்குள் பதிய வேண்டும். பதிவு செய்ய வைத்தோம். இதை 1999-லோ 2009-லோ யாராவது செய்திருக்கலாம். 2017-இல் நான் செய்திருக்கலாம்.

நான்காவது, அவர் தலையில் இருந்ததை நோட்டில் ஏற்றுவது. ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இரண்டு பேர் ஜனவரியில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். 63 வேலைகள் வந்தன. சில ஒரு வரி. சில அரைப் பக்கம். "பத்தாம் வகுப்பு பி பிரிவு மின்விசிறி ரெண்டாவது ஸ்விட்சு ஷாக் அடிக்கும், குச்சியால தட்டணும்" என்பதைப் படித்த அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எத்தனை ஆண்டாக என்று கேட்டேன். ஆறு என்றார்.

பிறகு நடந்தது

2022 பிப்ரவரி கடைசியில் திரும்ப வந்தார். சிறுநீரகம் தேறியிருந்தது, பளு தூக்கக் கூடாது. பெருக்குவதற்கு மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண்ணை அமர்த்தினோம். மணியும் சாவியும் தோட்டமும் அவரிடம் இருந்தன. சாவிகளுக்கு எண் ஒட்டினோம். கலர் துணியையும் அவர் அவிழ்க்க விடவில்லை.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். அது தோல்வி. வண்டல் மண்ணில் வழுக்குகிறது, மேலே தண்ணீர் புகுந்தால் காலைத் தூக்க முடியவில்லை என்றார். அளவு கேட்காமல், எந்த இடத்தில் போடுவது என்று கேட்காமல் நானே கடைக்குப் போய் வாங்கியது. பூட்ஸ் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. குதிகால் வெடிப்புக்கு மருந்தும், குறைந்த உயரத்தில் பட்டி வைத்த செருப்பும்தான் அவருக்கு உதவின.

பணி வரன்முறை கேட்டு மூன்று முறை மனு மேலே அனுப்பினேன். நான் பணியிலிருந்த வரை பதில் இல்லை. மழைநாட்களில் ஐந்தரை வரை கேட்டில் ஒரு ஆசிரியர் இருப்பது என்று முறை வைத்தோம். முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. அந்தப் பையன் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம், பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள்.

இன்று செய்தால்

வந்த முதல் மாதமே ரொக்கப் பதிவேட்டில் அந்த வரியை நிறுத்திக் கேட்பேன். நான்கு ஆண்டு கையெழுத்துப் போட்டும் என் கண்ணில் படாத வரி அது. காய்ச்சல் என்று சொல்லும் பணியாளருக்கு அன்றைய சம்பளம் உண்டு என்று நான் வாயால் சொல்லியிருந்தால்கூடப் போதும், அவர் திங்கட்கிழமையே மருத்துவமனைக்குப் போயிருப்பார். ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் வேலை பார்த்த யாருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், "தண்ணியில இறங்கினேன்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்வேன். கண்சிவப்பை அந்த எட்டாம் வகுப்புப் பெண் சொன்ன அன்றே நம்பியிருப்பேன்.

63 வேலைகளையும் எழுதி வாங்கிய பிறகும் சம்பளம் 6,000-க்குத்தான் உயர்ந்தது. இன்னும் போராடியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை என்பதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன்.

2023 மே மாதம் பொறுப்பை ஒப்படைக்கும்போது அந்த நோட்டையும் புதிய தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் 64 என்று எண் போட்டு, வேறு மையில், அந்த இரண்டு மாணவிகளில் ஒருத்தியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. அவர் அதை வேலை என்று சொல்லியிருக்கவில்லை. "அம்மா வர்ற வரைக்கும் கேட்டில் கூட இருக்கணும்."